மைதானத்து மதில் கோஷ்ட பால்

கல்கத்தாவில் குடியேறி வாழும் நம்மவர் இல்லங்களிற் பிள்ளைகளுக்குக் கால்பந்தாட்டப் பித்துப் பிடிக்க நெடுநாள் ஆவதில்லை. பள்ளியிற் சேர்ந்த சில திங்களுக்குள்ளாகவே, மோகன் பகானா ஈஸ்ட் பெங்காலா என்னும் வினாவிற்கு அவர்கள் விடை சொல்லியாக வேண்டும். சொல்லிய மறுநாளே சுவரில் ஆட்டக்காரர் படம் ஏறிவிடும். இதனைக் கண்டு வருந்தும் பெற்றோர் நம்மிடையே சிலர் உளர். ஒரு நகரம் ஓர் ஆட்டக்காரரைத் தலைமேற் கொண்டாடுவதற்கு எது காரணமாகின்றது என்பதை அன்னோர் அறிவது நலம் எனக் கருதி, கோஷ்ட பால் என்னும் பெரியாரின் வரலாற்றை ஈண்டுச் சுருக்கி உரைக்கின்றோம்.

கோஷ்ட பிகாரி பால் என்பது அவரது முழுப்பெயர். ஆநிரைக் கொட்டிலில் உலவும் கண்ணன் என்பது அப்பெயரின் பொருள். 1896-ஆம் ஆண்டு ஆகஸ்டு 20-ஆம் நாள், கீழ்வங்கத்தில் அந்நாளைய பரித்பூர் மாவட்டத்தைச் சேர்ந்த போஜேஸ்வர் என்னும் சிற்றூரிற் பிறந்தார். சிறு வயதிலேயே கல்கத்தாவுக்கு வந்து, துர்க்கையின் திருவுருவங்களைச் சமைக்கும் குயவர் வாழும் குமார்துலிப் பகுதியின் கழகத்தில் ஆடத் தொடங்கினார்.

அவர் பதினைந்து வயதை எட்டும் தறுவாயில், 1911 ஜூலை 29-ஆம் நாள், மோகன் பகான் கழகத்தார் ஈஸ்ட் யார்க்ஷயர் படைப்பிரிவினரை இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் வென்று ஐ. எஃப். ஏ. கேடயத்தைக் கைப்பற்றினர். பதினொருவருள் ஒருவர் நீங்கலாக ஏனையோர் வெறுங்காலுடன் ஆடினர் என்பது எவரும் அறிந்த செய்தி. அவ்வெற்றிக்குப் பின் இரண்டொரு ஆண்டுகளில் கோஷ்ட பால் அக்கழகத்திற் சேர்ந்தார். 1935-இல் ஓய்வு பெறும் வரையில் அதுவே அவரது கழகமாயிற்று. 1921 முதல் 1926 வரை அதன் தலைவராகவும் விளங்கினார்.

கோல் அடிப்போர்க்கே புகழ் குவிவது இவ்வாட்டத்தின் இயல்பு. இவரோ பின்வரிசைக் காவலர். எதிரியின் காலிலிருந்து பந்து புறப்படும் கணத்தை முன்னுணர்ந்து இடைமறித்தல், மறித்த பந்தை நெடுந்தொலைவுக்கு உதைத்தனுப்புதல், தோளோடு தோள் மோதும் வேளையில் பின்வாங்காமை ஆகிய மூன்றும் அவருடைய கலை. எதிரே வருவோர் பெரும்பாலும் கனத்த பூட்ஸ் அணிந்த வெள்ளைப் படைவீரர். அவர்கள் முன் வெறுங்காலை நீட்டிப் பந்தைப் பறித்தல் எத்தகைய துணிவு என்பதை, மைதானத்தில் ஒருமுறையேனும் மிதிபட்டவர்க்கு நாம் விளக்க வேண்டுவதில்லை. ஆங்கிலேயர் நடத்திய பத்திரிகையே அவருக்குச் சீனப் பெருஞ்சுவர் என்னும் பட்டத்தைச் சூட்டியது.

இத்தனை பெருமை வாய்ந்தவர் வென்ற கோப்பைகள் யாவை என்று வினவுவோர் வியப்படைவர். மோகன் பகான் கேடயத்தை வென்றது 1911-இல். மறுபடி வென்றது 1947-இல். கல்கத்தா லீகில் அக்கழகம் முதலிடம் பெற்றதோ 1939-இல். கோஷ்ட பால் ஆடிய இருபதுக்கும் மேற்பட்ட ஆண்டுகள் முழுமையும் இவ்விரு வெற்றிகளுக்கும் இடைப்பட்ட வறட்சியில் அடங்கிவிட்டன. சிறு கோப்பைகள் வந்தன. பெரியவை இரண்டும் அவர் கைக்கு எட்டவில்லை.

மிக நெருங்கி வந்து நழுவியது 1923-இல். கேடயத்தின் இறுதியாட்டத்தில் ஐரோப்பியரின் கல்கத்தா கழகம் எதிர்த்து நின்றது. மழை கொட்டித் தரை சேறாயிற்று. உலர்ந்த தரையிற் பறக்கும் வெறுங்கால் சேற்றில் வழுக்கும். பூட்ஸோ பிடித்து நிற்கும். மூன்று கோல்களில் மோகன் பகான் தோற்றது. மழைக்காலமே கல்கத்தாவின் பந்தாட்டக் காலமாதலின், இவ்விடர் ஆண்டுதோறும் காத்திருந்தது. அன்றியும் லீகின் முதற்பிரிவில் இரண்டு இந்தியக் கழகங்களுக்கு மேல் இடமில்லை என்றொரு விதி 1920-களின் நடுப்பகுதி வரை நிலவிற்று. போட்டியின் நிலம் சமமானதன்று என்பதைக் கண்டோர் அனைவரும் அறிந்திருந்தனர்.

அறிந்தும் திரண்டனர். வேலி கட்டிய ஆடுகளத்திற்குள் இடம் கிட்டாதோர் வில்லியம் கோட்டையின் சரிவுகளில் நின்றனர்; மரங்களில் ஏறினர்; அட்டைக் குழாயில் முகம் பார்க்கும் கண்ணாடித் துண்டுகளைச் சாய்த்துப் பொருத்தி, முன்னிற்போர் தலைக்கு மேலாகப் பார்த்தனர். வெற்றியைக் காணவே வந்தனராயின், சில ஆண்டுகளில் அக்கூட்டம் கலைந்திருக்கும். ஆளும் வகுப்பார் முழுவேகத்துடன் ஓடி வரும்பொழுது நம்முள் ஒருவர் இடம்பெயராது நிற்கும் காட்சியே அவர்களை ஈர்த்தது என்பது நமது துணிபு. பிற்காலத்து எழுத்தாளர் சிலர் அவரை விடுதலைப் போர்வீரராகவே வரைந்துவிட்டனர். அத்துணைத் தூரம் போக வேண்டுவதில்லை. அவர் ஆட்டக்காரர், தம் ஆட்டத்தைச் செவ்வனே ஆடினார்.

ஊதியம் என்ற பேச்சே அந்நாளில் இல்லை. பகலில் அலுவலகம், மாலையில் மைதானம் என்பதே அக்கால வீரர் பலரின் நாள்முறை. இன்றைய தொழில்முறை வீரர் பெறும் தொகைகளை எண்ணி நம் பிள்ளைகள் மலைக்கும்பொழுது இதனையும் உடன் சொல்லல் தகும். ஊதியம் பெறுவது குற்றமென்று நாம் சொல்லவில்லை. உழைப்புக்குக் கூலி உரியதே.

வேற்றூரிற் பிழைக்க வந்த நமக்கு உவப்பளிக்கும் செய்தி ஒன்றுண்டு. 1920-இல் கீழ்வங்கத்தார் தமக்கென ஈஸ்ட் பெங்கால் கழகத்தை நிறுவினர். புறக்கணிக்கப்பட்டோம் என்ற மனத்தாங்கலில் முளைத்த கழகம் அது. பிறப்பால் கோஷ்ட பாலும் கீழ்வங்கத்தவரே. எனினும் மேல்வங்கத்தாரின் அடையாளமாகிவிட்ட மோகன் பகானையே அவர் தமதாகக் கொண்டு நிலைத்தார். அடுத்த ஆண்டே அதன் தலைவருமானார். பிறந்த ஊரை மறந்தார் என்று அவரைக் கீழ்வங்கத்தார் தூற்றியிருக்கலாகும். ஆயினும் இரு சாராரும் அவர் பெயரை இன்றளவும் மதிப்புடன் சொல்லக் கேட்கின்றோம்.

1925-இல் சிம்லாவில் நடைபெற்ற டூரண்ட் போட்டிக்குத் தம் கழகத்தை அழைத்துச் சென்றதும், 1933-இல் இலங்கைக்குச் சென்ற இந்திய அணிக்குத் தலைமை தாங்கியதும் அவர் பெற்ற சிறப்புகள். 1934-இல் முகம்மதன் ஸ்போர்ட்டிங் கழகத்தார், ஈரத்தரையில் பூட்ஸ் அணிந்து ஆடும் வழக்கத்தைக் கைக்கொண்டு, லீகை வென்ற முதல் இந்தியக் கழகத்தாராயினர். வெறுங்காலின் காலம் முடிவதற்கு அஃது அறிகுறி. மறு ஆண்டில் கோஷ்ட பால் ஓய்வு பெற்றார். நடுவரின் ஓரவஞ்சனையைப் பொறாது ஆடுகளத்திலேயே படுத்துவிட்டார் என்றும், அதன் பின்னர் ஆட்டத்தைத் துறந்தார் என்றும் பழைய ரசிகர் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். வாதாடவும் வசைபாடவும் செய்யாமல் படுத்துக்கொண்டார் என்பதில் அவர்களுக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

1962-இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருதளித்தது. கால்பந்தாட்டக்காரருள் அதனைப் பெற்ற முதல்வர் அவரே. 1976 ஏப்ரலில் தம் எழுபத்தொன்பதாம் வயதில் மறைந்தார். 1998-இல் அவர் உருவம் தாங்கிய அஞ்சல்தலை வெளிவந்தது. ஈடன் தோட்டத்தின் அருகே அவர் சிலை நிற்கின்றது. கிங்ஸ்வே என்று ஆங்கிலேயர் அழைத்த அச்சாலை இன்று கோஷ்ட பால் சரணி. மோகன் பகான் கழகத்திற்கு மடல் எழுதுவோர் முகவரியில் அவர் பெயரையே எழுத வேண்டும்.