மூழ்கப் போகும் மலையைப் படம் பிடித்த டாக்டர்

எலியட் போர்ட்டர் டாக்டருக்குப் படித்தவர். ஆனால் ஒரு நாளாவது நோயாளியின் நாடியைப் பிடித்துத் தொழில் நடத்தியவர் அல்லர். அவர் பிடித்ததெல்லாம் படம்தான்!

1901-ல் அமெரிக்காவில், சிக்காகோவை அடுத்த வின்னெட்காவில் பிறந்தார். சிறு வயதிலேயே காமிராவும் கையுமாகப் பறவைகளின் பின்னால் அலைந்தார். ஹார்வர்டு சர்வகலாசாலையில் 1929-ல் வைத்தியப் பட்டம் பெற்று, அங்கேயே ஆராய்ச்சியிலும் போதனையிலும் அமர்ந்தார். பத்து வருஷங்கள் கழிந்தன. ஸ்டீகிலிட்ஸ் என்ற புகழ் பெற்ற புகைப்பட மேதை இவருடைய படங்களை நியூயார்க்கில் கண்காட்சியாக வைத்தார். அவ்வளவுதான், 1939-ல் உத்தியோகத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டார் போர்ட்டர்.

அந்நாளில் கறுப்பு வெள்ளைப் படமே கலை. கலர் படம் வெறும் வேடிக்கை என்பது பெரியவர்கள் பலருடைய கருத்து. போர்ட்டர் கலரை விடவில்லை. அவர் பிடிவாதம் எவ்வளவு சரி என்பதைக் காட்டிய இடம் கொலராடோ நதியின் கிளென் பள்ளத்தாக்கு. 1960-ல் முதன்முதலாகப் படகில் அங்கே போனார்.

அந்தப் பள்ளத்தாக்கின் இருபுறமும் ஓடைகள் அறுத்த பாறை இடுக்குகள் ஏராளம். சில இடங்களில் இரு கைகளையும் நீட்டினால் இரு சுவரையும் தொடலாம். நேர் வெயில் அடிவரை இறங்காது. மேல் விளிம்பில் பட்ட வெயில் எதிர்ச் சுவரில் மோதும். அங்கிருந்து இந்தச் சுவருக்குத் திரும்பும். ஒவ்வொரு மோதலிலும் பாறை நீலத்தை விழுங்கிச் செம்மையைத் திருப்பி அனுப்புவதால், கீழே வர வர ஒளி மஞ்சளாகி, செம்பாகி, தணல் போல் கனலும். வானத்தின் ஒளி மட்டும் விழுகிற ஈரப் பாறையோ நீலமாக மின்னும். கறுப்பு வெள்ளைப் படத்தில் இந்த அதிசயத்துக்கு என்ன வேலை? போர்ட்டர் வெயிலைத் தேடவில்லை. வெயிலின் எதிரொளியைத் தேடினார். முக்காலியில் காமிராவை நிறுத்தி, அந்த மங்கிய ஒளி பிலிமில் படியும்வரை பொறுமையாகக் காத்திருந்தார்.

ஆனால் காலம் காத்திருக்கவில்லை. கீழே 710 அடி உயரத்துக்கு அணை எழும்பிக்கொண்டிருந்தது. தண்ணீரின் அருமை நமக்குத் தெரியாததல்ல. அணையைப் பழிக்க இதை எழுதவில்லை. எனினும், வேறொரு பள்ளத்தாக்கைக் காப்பாற்றுவதற்காகக் கிளென் அணைக்கு எதிர்ப்பை விட்டுக்கொடுத்த சியரா கிளப் தலைவர் டேவிட் பிரவர், பிற்பாடு அதைக் கண்ணால் கண்டு காலமெல்லாம் வருந்தினார். 1963-ல் அணை நீரைத் தேக்கத் தொடங்கியது. அதே வருஷம் போர்ட்டரின் படங்களைப் பிரவர் புத்தகமாக வெளியிட்டார். ‘ஒருவரும் அறியாத இடம்’ என்பது அதன் பெயரின் பொருள். நவஹோ குடிகள் தலைமுறை தலைமுறையாக அறிந்த இடம்தான். நகரத்தார் அறியாதது என்று கொள்ள வேண்டும்!

புத்தகத்தால் கிளென் பிழைக்கவில்லை. ஆயினும், கிராண்ட் கான்யன் பகுதியில் கட்டவிருந்த அணைகளை எதிர்த்தவர்களுக்கு அது பெரிய ஆயுதமாயிற்று. அந்தத் திட்டங்கள் 1968-ல் கைவிடப்பட்டன.

போர்ட்டர் 1990-ல் காலமானார். பின்னர் வறட்சியால் ஏரி வற்றியபோது, 2005-ல், அவர் நடந்த இடுக்குகளில் சில மறுபடி தலை காட்டின. சுவர்களில் நீர் நின்ற மட்டம்வரை வெள்ளைப் படலம் அப்பியிருந்தது. அந்தச் சுவர்களின் பழைய செம்பு நிறத்தைக் காண இன்றும் போர்ட்டரின் படங்களைத்தான் புரட்டுகிறார்கள்.