முதலாம் இலக்க விமானி

இந்திய மண்ணில் விமானமோட்டும் உரிமம் பெற்றோருள் முதல்வர் ஜே. ஆர். டி. டாட்டா. 1929 பெப்ரவரி 10ஆம் நாள் அவருக்கு வழங்கப்பெற்ற உரிமத்தின் இலக்கம் ஒன்று. எஃகாலைகளின் அதிபராகவே அவரைப் பலரும் அறிவர். யான் ஈண்டு விமானியாகிய டாட்டாவைப் பற்றியே எழுதப் புகுகின்றேன். தமிழ் கற்பிப்போனுக்கு விமானத்தோடு யாது உறவு என வினவுவோர் சற்றே பொறுத்தருள்க.

1904 யூலை 29இல் பாரிசு மாநகரிற் பிறந்தவர் அவர். தந்தையார் பார்சி வணிகர். தாயார் பிரெஞ்சுப் பெண்மணி. ஆங்கிலக் கால்வாயை 1909இல் விமானத்திற் கடந்த லூயி பிளேரியோவின் கடற்கரை மனைக்கு அருகிலேயே டாட்டா குடும்பத்தின் கோடைமனையும் இருந்தது. பதினைந்து அகவையில் ஒருமுறை விமானமேறிய சிறுவனை அவ்வேட்கை பின் விடவேயில்லை.

1930இல், இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே தனித்துப் பறக்கும் முதல் இந்தியருக்கு ஆகாகான் 500 பவுண் பரிசு அறிவித்தார். டாட்டா கராச்சியிலிருந்து புறப்பட்டார். அஸ்பி எஞ்ஜினியர் என்னும் பதினேழு வயது இளைஞர் இங்கிலாந்திலிருந்து எதிர்த்திசையில் வந்தார். இருவரும் எகிப்தில் எதிர்ப்பட்டனர். அஸ்பி தீப்பொறிச் செருகிகள் இன்றித் தவித்து நின்றார். டாட்டா தம்மிடமிருந்தவற்றைக் கொடுத்துதவினார். சில மணி நேர வேறுபாட்டிற் பரிசு அஸ்பிக்கே போயிற்று. அவரே பிற்காலத்தில் இந்திய விமானப் படையின் தலைமைத் தளபதியானார். டாட்டாவின் வாழ்க்கையில் யான் மாணவருக்கு விரும்பிச் சொல்லும் பகுதி இது.

1932 அக்டோபர் 15இல் தபாற் பையுடன் கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியே பம்பாயின் ஜூஹு வெளிக்கு அவரே சிறுவிமானத்தை ஓட்டி வந்தார். அங்கிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டு சென்றவர் நெவில் வின்சென்ட் என்னும் நண்பர். அகமதாபாத்தில் விமானத்துக்கான எரிபொருள் மாட்டுவண்டியில் வந்ததாம்! மழைக்காலத்தில் ஜூஹு நீரில் ஆழ்ந்துவிடும். அப்போது பூனாவே புகல். வானொலி இல்லை, வழிகாட்டுவார் இல்லை. திசைகாட்டியும் படமும் கண்ணுமே துணை. 1938இல் அச்சேவை கொழும்பு இரத்மலானை வரை நீண்டது. கண்டி மலைத்தோட்டங்களிலிருந்து தமிழகத்துச் சிற்றூர்களுக்கு எழுதிய கடிதங்கள் புகைவண்டியும் கப்பலும் மாறிமாறி ஏறிய நாட்கள் அவை.

வெற்றுவானம் நெடுநாள் வெறுமையாய் இருக்கவில்லை. பெருகிய விமானங்களுக்குக் கட்டுப்பாட்டுக் கோபுரங்களும் ரேடார்களும் தோன்றின. 1966 சனவரி 24இல் டாட்டா தலைமை தாங்கிய ஏர் இந்தியாவின் கஞ்சன்ஜங்கா என்னும் விமானம் ஜெனீவாவில் இறங்கும் வேளையில் மோன் பிளாங்க் மலையில் மோதியது. மலைச் சிகரத்தின் பெயர் பூண்ட விமானம் மலையிலேயே சிதைந்தது. மாண்டோர் 117 பேர். அவருள் ஒருவர் டாட்டாவின் அரும் நண்பரான அணுவியல் அறிஞர் ஹோமி பாபா. விமானத்தின் வழியறி கருவிகளுள் ஒன்று பழுதுற்றிருந்தது. விமானி தம் இடத்தைத் தவறாகக் கணித்தார். கட்டுப்பாட்டாளர் அப்பிழையைக் கண்டு, மலையை நோக்க விமானம் எங்குள்ளதென அறிவித்தார். சொல்லிய முறையால் அது பிழைபட விளங்கிக்கொள்ளப்பட்டது. மலையைக் கடந்துவிட்டதாகவே எண்ணி விமானி இறங்கினார்.

மலைநாட்டில் வளர்ந்த எனக்கு இச்செய்தி அயலதன்று. 1974 டிசெம்பர் 4ஆம் நாளிரவு, இந்தோனேசியாவிலிருந்து ஹஜ் யாத்திரிகரை ஏற்றிவந்த டச்சு விமானம் மஸ்கெலியாவுக்கு அணித்தான ஏழு கன்னியர் மலையில் மோதி 191 பேர் மாண்டதை மூத்தோர் சொல்லக் கேட்டிருக்கிறேன். கட்டுநாயக்காவை உள்ளதற்கு மேலாக அண்மித்துவிட்டதாக விமானிகள் கருதியதே அங்கும் கேடாயிற்று.

இரத்மலானைக்கும் கட்டுநாயக்காவுக்கும் இடையே ஏறத்தாழ 40 கிலோமீற்றரே. அவ்வழியே சிறுவிமானத்திற் கண்டிக்கு வர எண்ணும் தனி விமானி, கட்டுப்பாட்டு எல்லையுட் புகுமுன் தான் யார், எங்குள்ளான், எவ்வுயரம், எங்குச் செல்வான் என நாலு சொல்லிற் சொல்லி அனுமதி பெறல் வேண்டும். பெற்ற கட்டளையைத் திருப்பி ஒப்புவித்தலும் வேண்டும். பிழையிருப்பின் கோபுரத்தார் திருத்துவர். திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளையிடம் ஒப்புவித்த முறையே அது! ஐயமெனின் மீளக் கேட்பதே முறை. எம் மாணாக்கர் பலர் விளங்காததை விளங்கியதாகத் தலையசைப்பர். வானில் அத்தலையசைப்பு உயிரைக் கொள்ளும். அனுமதி கிடைத்தபின்னும், கண்ணாற் பார்த்துப் பறப்பவன் ஹந்தானையையும் நக்கிள்ஸ் தொடரையும் விலக்கிச் செல்வது அவன் பொறுப்பேயன்றிக் கோபுரத்தாருடையதன்று. முகில் கவிந்தால் திரும்பிவிடுதல் இழுக்கன்று.

1953இல் நாட்டுடைமையான ஏர் இந்தியாவின் தலைவராக ஊதியமின்றிப் பணியாற்றிய டாட்டாவை 1978இல் மொரார்ஜி அரசு நீக்கியது. அது செய்ந்நன்றி கொன்ற செயலென்றே யான் கருதுவேன். அவர் விமானத்தை வெறுத்தாரில்லை. 1982 அக்டோபர் 15இல், தம் எழுபத்தெட்டாம் வயதில், பழைய சிறுவிமானமொன்றில் கராச்சியிலிருந்து அதே வழியில் மீண்டும் பம்பாய்க்குத் தனித்துப் பறந்தார். ஐம்பதாண்டின்முன் அவரை வழியில் வினவுவார் எவருமிலர். இம்முறையோ ஜூஹுவின் பக்கத்தே பெருநிலையத்தின் ஜெட் விமானங்கள் எழுவதும் இழிவதுமாயிருந்தன. அவற்றினிடையே சிறுபறவைபோல் வந்து நலமே தரையிறங்கினார்.

1992இல் அவருக்குப் பாரத ரத்னா விருது கிடைத்தது. 1993 நவம்பர் 29இல் ஜெனீவாவில் உயிர் நீத்தார். வானம் தெளிந்த நாட்களில் அந்நகரிலிருந்து மோன் பிளாங்க் வெண்மையாய்த் தோன்றும். பிறந்த பாரிசு மண்ணிலேயே அவர் உடல் அடக்கம் செய்யப்பெற்றது.