பறவைகளுக்கு வீடு கட்டிய சீமான்

ஆந்தை அலறினால் வீட்டுக்கு அழிவு வரும் என்று அஞ்சுவது நம் நாட்டாருக்கு மாத்திரம் உரிய வழக்கமன்று. இங்கிலாந்திலே, யோர்க்சயர் மாகாணத்தில், வேக்பீல்ட் நகருக்கு அண்மையிலுள்ள வோல்ட்டன் மாளிகையிலும் ஒருகாலத்தில் அந்த அச்சம் குடிகொண்டிருந்தது. வீட்டுக் காரியங்களைப் பார்த்துவந்த மூதாட்டி கூகையின் குரல் கேட்டு நடுங்கினாள். காவற்காரனும் அவளுடன் உடன்பட்டு, கூகைகளைச் சுட்டு வீழ்த்திவந்தான். 1813 இல் தலைவர் திரும்பிவந்தார். வந்தவர் கூகைகளுக்கென்றே ஒரு வீடு கட்டினார். அவர்தாம் இயற்கையறிஞர் சாள்ஸ் வாட்டர்ட்டன்.

1782 ஆம் ஆண்டு யூன் 3 ஆந் திகதி, பழைமையான கத்தோலிக்க குடும்பமொன்றிலே அவர் பிறந்தார். ஸ்டோனிஹேர்ஸ்ட் கல்லூரியில் யேசுசபைத் துறவிகளிடம் கல்வி பயின்றார். 1804 இல் தென்னமெரிக்காவிலுள்ள கயானாவுக்குச் சென்று உறவினரின் தோட்டங்களை மேற்பார்வை செய்தார். அடிமைகளின் உழைப்பால் நடந்த தோட்டங்கள் அவை. அவரிடம் பறவைகளைப் பாடம்பண்ணக் கற்ற ஜோன் எட்மன்ஸ்டன் என்னும் அடிமை, பின்னர் விடுதலை பெற்று எடின்பரோ நகரில் வாழ்ந்தார். இளைஞராயிருந்த சாள்ஸ் டார்வினுக்கு அக்கலையைக் கற்பித்தவர் அவரே. வாட்டர்ட்டனோ 1812 முதல் வெறுங்காலுடன் காடுகளில் அலைந்தார். 1825 இல் வெளிவந்த அவருடைய பிரயாண நூல் அவர் பெயரை எங்கும் பரப்பியது.

எனினும், அவர் வாழ்வின் பெரும்பணி சொந்த வளவுக்குள்ளேயே நடைபெற்றது. மாளிகையின் பாழடைந்த பழைய வாயிலின்மேல், கல்லும் சாந்தும் கொண்டு ஏறக்குறைய நான்கடிச் சதுரமான அறையொன்றை அமைத்தார். கூகை அமர்வதற்காக அதனுள்ளே கருவாலிக் கட்டையொன்றைப் பொருத்தினார். ஒரு மாதமளவில் ஒரு சோடி கூகைகள் அதிற் குடிபுகுந்தன. அவற்றுக்குத் தீங்கிழைப்பவனைச் சும்மா விடுவதில்லை என்று காவற்காரனுக்குக் கடும் எச்சரிக்கையும் விடுத்தார். பின்னர், கூகைகள் உமிழ்ந்த உருண்டைகளைப் பிரித்து ஆராய்ந்தார். ஒவ்வோர் உருண்டையிலும் நான்கு முதல் ஏழு எலிகளின் எலும்புகள் காணப்பட்டன. சாவின் தூதனென்று தூற்றப்பட்ட பறவை, தானியத்தைக் காக்கும் காவலாளி என்பது இவ்வாறு கணக்கினால் நிறுவப்பட்டது.

ஐரோப்பாவிலே பறவைக்குக் கூடு வைப்பது முன்னரும் இருந்ததே. ஒல்லாந்து முதலிய நாடுகளில், நம் மைனாவுக்கு இனமான ஸ்டார்லிங் பறவைக்கு மட்பாத்திரங்களைச் சுவரிலே தொங்கவிடுவார்கள். ஆனால், குஞ்சு பொரித்ததும் அவற்றை எடுத்துச் சமைப்பதே அதன் நோக்கம். வாட்டர்ட்டனும் அதே பறவைக்காகப் பழஞ்சுவரில் 24 துளைகள் அமைத்தார். அவர் விரும்பியதோ குஞ்சுகள் பறந்துபோவதையே. ஆற்றங்கரை மணலில் வளை தோண்டி வாழும் தகைவிலான்களுக்கு, சுவரினுள்ளே குழாய்களைப் பதித்துக் கொடுத்தார். இறந்த மரத்தையும் அவர் விறகாக எண்ணவில்லை. உட்பகுதி உக்கிய மரத்திலே வாயில் வெட்டி, மேலே மழை இறங்காதபடி கூரை வேய்ந்து, பறவைக்கு இல்லமாக்கினார்.

வீடு மட்டும் போதாது, பாதுகாப்பும் வேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். திருட்டு வேட்டைக்காரரும் நரிகளும் புகாதபடி, ஏறத்தாழ 3 மைல் நீளமான உயர்ந்த மதிலால் தம் வளவைச் சூழ்ந்தார். 1826 இல் முடிவுற்ற அவ்வேலைக்குச் சுமார் 9,000 பவுண் செலவாயிற்று. உள்ளே துப்பாக்கி வேட்டு ஒலிக்கலாகாது என்பது விதி. பறவைகளைக் காணத் தம் பூங்காவைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார். வேக்பீல்ட் மனநோய் விடுதியிலிருந்தவர்களும் அங்கு வந்து, தொலைநோக்கியால் ஏரிப் பறவைகளைப் பார்த்து மகிழ்ந்தனர்.

அவரது சொந்த இல்வாழ்வோ நீடிக்கவில்லை. 1829 இல் மணந்த இளம் மனைவி ஆன், அடுத்த ஆண்டே மகனைப் பெற்று மறைந்தார். அதன்பின் அவர் பஞ்சணையைத் துறந்தார். மரக்கட்டையைத் தலையணையாக்கி வெறுந்தரையில் உறங்கினார்.

மதிலைத் தாண்டியும் பகை வந்தது. அயலிலே எழுந்த சவர்க்காரத் தொழிற்சாலையின் புகை மரங்களைக் கருக்கியது. கழிவு நீரோடையைக் கெடுத்தது. புகைக்கு மதில் தடையாகுமா? முதுமையிலும் அவர் நீதிமன்றம் ஏறி நெடுங்காலம் வழக்காடினார். முடிவில் தொழிற்சாலை இடம்பெயர்ந்தது.

1865 ஆம் ஆண்டு மே மாதம், தம் பூங்காவிலே தடுக்கி விழுந்த வாட்டர்ட்டன், 27 ஆந் திகதி 82 வயதிற் காலமானார். அவர் உடல் ஏரியின்மேற் படகில் எடுத்துச் செல்லப்பட்டு, அவர் தேர்ந்திருந்த இடத்திலே அடக்கஞ் செய்யப்பட்டது. விதியின் விளையாட்டைப் பாருங்கள்! அவர் மகன் பின்னர் அந்த வளவைச் சவர்க்காரத் தொழிற்சாலைக் குடும்பத்தாருக்கே விற்றுவிட்டார். தந்தை ஆயுட்காலமெல்லாம் காத்தது ஒரு கையெழுத்தோடு கைமாறிற்று.

ஆயினும், அவர் தொடங்கிய வேலை மதிலுக்குள் அடங்கிப் போய்விடவில்லை. ஜேர்மனியிலே ஹான்ஸ் வொன் பேர்லெப்ஷ் (1857–1933) என்னும் பிரபு, மரங்கொத்தி குடையும் பொந்தின் அமைப்பை ஆராய்ந்து, அவ்வாறே மரத்துண்டுகளைக் குடைந்து கூடுகள் செய்வித்தார். இன்று பல நாடுகளில் எளியோரும் பழம் பலகையை அறுத்துக் கூடு செய்கின்றனர். 28 மில்லிமீற்றர் வாயில் சிறு குருவிக்கு வழிவிடும். பெரிய பறவையைத் தடுக்கும். வர்ணம் பூசுவோரும் புறத்தே மாத்திரம் பூசி, உட்புறத்தை வெறும் மரமாகவே விடுகின்றனர்; குஞ்சு சொரசொரப்பைப் பற்றியே மேலேறி வெளிவரவேண்டும்.

இவற்றுக்கு மதில் வேண்டியதில்லை, 9,000 பவுணும் வேண்டியதில்லை. கழித்தெறிந்த பலகையொன்றும், குஞ்சு பறந்துபோவதை விரும்பும் மனமொன்றும் போதும். அந்த மனத்தையே வாட்டர்ட்டன் பாழடைந்த வாயிலின்மேல் முதன்முதற் கட்டிவைத்தார்.