படிக்க உதவி கேட்ட சிறுவன் பத்திரிகை ஆசிரியர் ஆன கதை

தூத்துக்குடி துறைமுகத்தில் இருந்து மதுரைக்குப் போகும் சாலையில் சென்றால், கரிசல் காட்டின் நடுவே ஓர் ஊர் வரும். அதுதான் எட்டயபுரம்.

சுற்றிலும் பருத்தி விளையும் பூமி. அந்தப் பருத்தி தூத்துக்குடிக்குப் போய், அங்கிருந்து கப்பல் ஏறிச் சீமைக்குப் போன காலம் அது.

1882-ம் ஆண்டு டிசம்பர் 11-ந் தேதி அந்த ஊரில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. தந்தை சின்னச்சாமி அய்யர். தாய் லட்சுமி அம்மாள். குழந்தைக்குச் சுப்பிரமணியன் என்று பெயர் வைத்தார்கள். வீட்டில் கூப்பிட்ட பெயர் சுப்பையா.

அந்தச் சுப்பையாதான் பிற்காலத்தில் மகாகவி பாரதியார் ஆனார்.

பாரதியார் கவிஞர் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவர் பல ஆண்டுகள் பார்த்த வேலை பத்திரிகை வேலை. அந்த வேலைக்கு வேண்டிய பயிற்சி அவருக்குப் பள்ளிக்கூட வயதிலேயே தொடங்கிவிட்டது. அது எப்படி?

11 வயதில் பட்டம்

சுப்பையாவுக்கு 5 வயது ஆனபோது தாய் இறந்துவிட்டார். தந்தை கண்டிப்பானவர். மகன் கணக்கிலும் ஆங்கிலத்திலும் கெட்டிக்காரனாக வேண்டும் என்பது அவருடைய ஆசை. மகனுடைய மனமோ பாட்டில் இருந்தது.

எட்டயபுரம் அரண்மனையில் புலவர்கள் கூடுவார்கள். சிறுவனும் அங்கே போய் நிற்பான். கேட்ட கேள்விக்குப் பாட்டாலேயே பதில் சொல்வான். அவனுக்கு 11 வயது நடந்தபோது, புலவர்கள் அவனுக்குப் பாரதி என்ற பட்டத்தைக் கொடுத்தார்கள். கலைமகள் என்பது அதன் பொருள். பிறகு அந்தப் பட்டமே அவனுக்குப் பெயராக நிலைத்தது.

அந்த நாளில் நடந்ததாக ஒரு கதை சொல்வார்கள். காந்திமதிநாதன் என்பவர் வயதில் மூத்தவர். பாரதியை மட்டம் தட்ட நினைத்தார். பாரதி ஒரு சின்னப் பயல் என்று பொருள்படும்படி முடிகிற ஒரு வெண்பாவைப் பாடச் சொன்னார்.

சிறுவன் அசரவில்லை. அதே சொற்களை வேறு மாதிரி பிரித்தான். கேலி, கேட்டவர் மீதே திரும்பியது! சபை சிரித்தது.

கதை அதோடு முடியவில்லை. பெரியவர் முகம் வாடியதைப் பார்த்தான் சிறுவன். உடனே பாட்டை மாற்றி, அவருக்கு முன்னால் தானே சின்னவன் என்று பணிந்து பாடினான் என்பார்கள்.

சொல்லால் அடிக்கத் தெரிந்தவன், அந்த அடி எங்கே வலிக்கும் என்பதையும் தெரிந்துகொண்டான்.

நெல்லையில் உயர்நிலைப் பள்ளி

1894-ல் பாரதியைத் திருநெல்வேலிக்கு அனுப்பினார்கள். அங்கே இந்துக் கல்லூரி உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தான். 1897 வரை படித்து, ஐந்தாம் பாரம் எட்டினான். ஆறாம் பாரத்தோடு பள்ளிப் படிப்பு முடிகிற காலம் அது.

அந்தப் படிப்பு அவனுக்குப் பிடிக்கவில்லை. கம்பன் யார், காளிதாசன் யார் என்று தெரியவில்லை. சேர சோழ பாண்டியர் ஆண்ட கதை தெரியவில்லை. நம் நாட்டைப் பற்றி ஒன்றும் அறியாமல் ஆங்கிலம் மட்டும் படிப்பது என்ன படிப்பு என்று, பிற்காலத்தில் தம் சுயசரிதைப் பாட்டில் அவர் மனம் நொந்து எழுதினார். தந்தைக்கு ஆயிரம் ரூபாய் செலவானதுதான் மிச்சம் என்று வருந்தினார்.

வீட்டிலும் கஷ்டம் வந்தது. சின்னச்சாமி அய்யர் எட்டயபுரத்தில் பருத்தி அரைக்கும் ஆலை வைத்தார். ஆலை நஷ்டப்பட்டது. கையில் இருந்த பணம் எல்லாம் கரைந்தது.

அந்த நிலையில் 1897 ஜனவரியில் பாரதி ஒரு காரியம் செய்தான். எட்டயபுரம் ஜமீன்தாருக்கு ஒரு விண்ணப்பம் எழுதினான். தன் படிப்புக்கு உதவி செய்யவேண்டும் என்று கேட்டான். விண்ணப்பம் முழுவதும் பாட்டு! அப்போது அவனுக்கு வயது 14.

கேட்க வெட்கப்பட்டு மூலையில் உட்காரவில்லை. தன் குறையைத் தானே எழுதி, அதிகாரம் உள்ளவர் முன்னால் வைத்தான். பின்னாளில் ஒரு நாட்டின் குறையையே எழுதிய கை, முதலில் தன் வீட்டுக் குறையை எழுதிப் பழகியது.

அதே ஆண்டு ஜூன் மாதம் அவனுக்குக் கல்யாணம் நடந்தது. மணமகள் கடையத்தைச் சேர்ந்த செல்லம்மா. வயது 7. அடுத்த ஆண்டு தந்தை இறந்தார். பாரதி காசிக்குப் போய் அத்தை வீட்டில் தங்கிப் படித்தார். அலகாபாத் சர்வகலாசாலை நடத்திய நுழைவுப் பரீட்சையில் முதல் வகுப்பில் தேறினார். வடமொழியும் இந்தியும் கற்றார்.

ஆசிரியர் வேலையும் ஆசிரியர் நாற்காலியும்

1904-ல் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாதங்கள் தமிழ் ஆசிரியராக இருந்தார். அதே ஆண்டில்தான் மதுரையில் இருந்து வந்த விவேகபானு என்ற பத்திரிகையில் அவருடைய பாட்டு அச்சில் வந்தது.

அந்த ஆண்டு நவம்பரில் சென்னைக்குப் போனார். ஜி.சுப்பிரமணிய அய்யர் நடத்திய சுதேசமித்திரனில் உதவி ஆசிரியர் ஆனார். ஆங்கிலத்தில் வரும் செய்திகளையும் தலைவர்களின் பேச்சுகளையும் தமிழில் எழுதுவது அவர் வேலை.

பள்ளியில் கசந்த ஆங்கிலம் இங்கே கைகொடுத்தது. ஆங்கிலம் தெரியாத லட்சக்கணக்கான தமிழர்களுக்கு உலகச் செய்தியைச் சொல்ல அதுவே கருவி ஆயிற்று.

1905-ல் பெண்களுக்காகச் சக்கரவர்த்தினி என்ற மாதப் பத்திரிகை தொடங்கியது. அதற்கும் அவரே ஆசிரியர். 1906-ல் இந்தியா என்ற வாரப் பத்திரிகை வந்தது. அதில் அரசியல் கேலிச் சித்திரங்கள் போட்டார். எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்கும் படம் பொருள் சொல்லும் அல்லவா?

தூத்துக்குடியில் போராட்டம்

ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சிதம்பரம் பிள்ளை, பாரதியை விட 10 வயது மூத்தவர். இருவருடைய தந்தையரும் நண்பர்கள். 1906-ல் வ.உ.சி. தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினார். 1908-ல் அங்கே கோரல் மில் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டு வேலை நிறுத்தம் செய்தார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் துணை நின்றார்கள்.

மார்ச் 12-ந் தேதி இருவரும் கைதானார்கள். பாரதியார் தம் பத்திரிகையில் அவர்களுக்காக எழுதினார். சிறைக்கே போய் அவர்களைப் பார்த்தார்.

அரசாங்கத்தின் கண் இந்தியா மீது விழுந்தது. பத்திரிகையின் ஆசிரியர் என்று சீனிவாசன் என்பவர் பெயர் பதிவாகி இருந்தது. அவரைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள். நண்பர்கள் வற்புறுத்தியதால் பாரதியார் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்குப் போனார். எழுத்துக்கு விலை உண்டு. சில சமயம் அந்த விலையை வேறொருவர் கொடுக்க நேருகிறது. அந்தச் சீனிவாசனையும் நாம் மறக்கக்கூடாது.

10 ஆண்டுகள் கழித்து, 1918-ல்தான் பாரதியார் திரும்பினார். 1920-ல் மறுபடியும் சுதேசமித்திரனில் சேர்ந்தார். 1921 செப்டம்பரில், 39 வயது நிறையும் முன்பே காலமானார்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை

வகுப்பில் சட்டாம்பிள்ளையாக இருப்பவன் மட்டும் தலைவன் அல்ல. எல்லோர் மனதிலும் இருப்பதைத் துணிந்து எடுத்துச் சொல்பவனும் தலைவன்தான். பாரதியின் பள்ளி நாட்கள் காட்டும் பாடம் இது.

எத்தனையோ பள்ளிகளில் மாணவர்கள் கையெழுத்துப் பத்திரிகை நடத்தி இருக்கிறார்கள். நாலு தாளைத் தைத்து, ஒருவன் கதை எழுத, ஒருவன் படம் போட, ஒருவன் செய்தி சேர்த்துவந்த பத்திரிகைகள் அவை.

பெற்றோர்களே! உங்கள் பிள்ளை பாடம் முடித்த பிறகு எதையாவது எழுதிக்கொண்டு இருந்தால், தாளைப் பாழாக்குகிறான் என்று பிடுங்காதீர்கள். ஒரு தடவை வாங்கிப் படித்துப் பாருங்கள். தப்பு இருந்தால் திருத்துங்கள். யாரையாவது புண்படுத்தி எழுதி இருந்தால், சின்னப் பயல் கதையின் பின்பாதியைச் சொல்லிக் கொடுங்கள்.

எட்டயபுரத்தில் பாரதியாருக்கு மணிமண்டபம் இருக்கிறது. கல்கி எடுத்த முயற்சியால் மக்கள் கொடுத்த பணத்தில் எழும்பி, 1947-ல் திறக்கப்பட்ட மண்டபம் அது. அந்தப் பக்கம் போனால் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போங்கள். 14 வயதில் படிக்க உதவி கேட்டு எழுதிய ஒரு பையனின் ஊர் இது என்று சொல்லுங்கள்.