டாம் எம்போயா யார்? ஒபாமாவின் அப்பா சாட்சி சொன்ன கொலையும் கென்யாவின் இனக்குழு அரசியலும்

1969 ஜூலை 5, சனிக்கிழமை மதியம். நைரோபியின் கவர்ன்மென்ட் சாலையில் ஒரு மருந்துக் கடையிலிருந்து வெளியே வந்தார் டாம் எம்போயா. கென்யாவின் பொருளாதாரத் திட்டத் துறை அமைச்சர், ஆளுங்கட்சியின் பொதுச்செயலாளர். வயது 38தான். அடுத்த அதிபர் இவர்தான்னு பலரும் பேசிக்கொண்டிருந்த நேரம். கடை வாசலிலேயே சுடப்பட்டார். மருத்துவமனை போய்ச் சேருவதற்குள் உயிர் பிரிந்துவிட்டது.

கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் அதே தெருவில் நண்பர் ஒருவர் அவரிடம் பேசிவிட்டுப் போயிருந்தார். பிறகு கொலை வழக்கில் துணிந்து சாட்சி சொன்ன அந்த நண்பரின் பெயர் பராக் ஒபாமா. அமெரிக்க முன்னாள் அதிபரின் அப்பா.

எம்போயா லுவோ இனக்குழு. கொலைக்காகத் தூக்கிலிடப்பட்டவர் கிகுயு. கென்யாவில் தகராறு மூள இந்த ஒரு தகவலே போதும். ஆனா எம்போயா தன் அரசியலை நடத்தியதே இந்தக் கணக்குக்கு வெளியில்தான்.

பால் பரிசோதகர் தலைவரான கதை

குடும்பத்தின் பூர்வீகம் விக்டோரியா ஏரியில் இருக்கும் ருசிங்கா தீவு. ஆனா எம்போயா 1930-ல் பிறந்தது அங்கே இல்லை. திக்கா அருகே, அப்பா வேலை பார்த்த வெள்ளைக்காரரின் சிசல் நார்த் தோட்டத்தில். சுற்றிலும் கிகுயு, கம்பா தொழிலாளர் குடும்பங்கள். அதனால் லுவோ, சுவாஹிலி, ஆங்கிலத்தோடு அந்த மொழிகளும் சின்ன வயதிலேயே வந்துவிட்டன. பிற்பாடு வாக்குக் கேட்கப் போனபோது இதுதான் பெரிய சொத்து.

முதல் வேலை நைரோபி மாநகராட்சியில் சுகாதார ஆய்வாளர். ஒருநாள் ஆய்வகத்தில் தனியாக இருந்தபோது பால் மாதிரியோடு ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி வந்தார். எதிரில் இவர் நிற்கிறார். அந்தம்மாவோ இங்கே யாருமே இல்லையா என்று கேட்டார். இதைத் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார் எம்போயா. சக ஊழியர்களைத் திரட்டத் தொடங்கியவர், 1953-ல் கென்யத் தொழிற்சங்கக் கூட்டமைப்பின் பொதுச்செயலாளரானார்.

பிரிட்டிஷ் அரசு போட்ட விதி

இனக்குழு அரசியல் ஏதோ ஆதிகாலத்திலிருந்து வருவதுன்னு நினைக்கிறோம். கென்யாவில் அதை வளர்த்ததில் ஒரு அரசாணைக்குப் பெரிய பங்கு உண்டு. மௌ மௌ கிளர்ச்சியை ஒட்டி 1952-ல் நெருக்கடி நிலை வந்தது. நாடு தழுவிய ஆப்பிரிக்கக் கட்சிகளுக்குத் தடை. 1955-ல் தடை தளர்ந்தபோது, மாவட்ட அளவில் மட்டும் கட்சி நடத்திக்கொள்ளலாம் என்றார்கள். மாவட்ட எல்லைகள் பெரும்பாலும் இனக்குழு வாரியாகப் போடப்பட்டவை. அப்போ மாவட்டத் தலைவர் யார்? அந்த இனக்குழுவின் தலைவர்தான்! சுதந்திரம் நெருங்கிய நேரத்தில் தலைவர்கள் உருவானது இப்படித்தான்.

எல்லா இனமும் கலந்து வாழ்ந்த இடம் நைரோபி. கலந்து உட்கார்ந்த அமைப்பு தொழிற்சங்கம். இரண்டுமே எம்போயாவின் கையில் இருந்தன. 1957-ல் நைரோபியில் வென்று சட்டமன்றம் போனார். அடுத்த ஆண்டே, கானாவின் அக்ராவில் நடந்த அனைத்து ஆப்பிரிக்க மக்கள் மாநாட்டுக்குத் தலைமை. அப்போது வயது 28. 1961 தேர்தல்தான் உச்சம். கிகுயு வாக்காளர்கள் பெரும்பான்மையாக இருந்த தொகுதியில், கிகுயு வேட்பாளரை எதிர்த்து நின்ற இந்த லுவோ, அவரைவிடப் பத்து மடங்குக்கும் மேல் வாக்கு வாங்கினார்.

1959-ல் 81 மாணவர்களை விமானத்தில் அமெரிக்காவுக்குப் படிக்க அனுப்பினார். அடுத்த ஆண்டு போனவர்களில் ஒருவர், பிறகு நோபல் பரிசு பெற்ற வங்காரி மாத்தாய். சீனியர் ஒபாமாவும் அந்த விமானத்தில் போனார்னு சொல்வதுண்டு. அது தவறு, அவர் தனியாகப் போனவர்.

எங்கே சறுக்கினார்?

1963 டிசம்பர் 12-ல் சுதந்திரம். ஜோமோ கென்யாட்டா கிகுயு, அவருக்கு அடுத்த இடத்தில் இருந்த ஒகிங்கா ஒடிங்கா லுவோ. நிலத்தை யாருக்குக் கொடுப்பது, ரஷ்யா பக்கமா அமெரிக்கா பக்கமா என்று இருவருக்கும் மோதல். ஒடிங்காவை ஓரங்கட்ட கென்யாட்டா பயன்படுத்தியது எம்போயாவை. 1966-ல் லிமுரு மாநாட்டில் கட்சியின் துணைத் தலைவர் பதவியையே எடுத்துவிட்டு, மாகாணத்துக்கு ஒருவராக எட்டுத் துணைத் தலைவர்களைக் கொண்டுவந்தார். ஒடிங்கா வெளியேறித் தனிக்கட்சி கண்டார்.

எம்போயாவைப் பொறுத்தவரை இது கொள்கைச் சண்டை. லுவோ மக்கள் பலருக்கோ சொந்த ஆளையே கவிழ்த்தவர். கிகுயு பெருந்தலைகளுக்கு இனி இவரால் ஆக வேண்டிய வேலை இல்லை. உடல்நலம் குன்றிவந்த கென்யாட்டாவுக்குப் பின் போட்டிக்கு வரும் ஆள், அவ்வளவுதான். இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர் முன்னின்று கொண்டுவந்த 1965 பொருளாதாரக் கொள்கை அறிக்கை, அதிக விளைச்சல் தரும் பகுதிகளில் முதலில் பணம் போடச் சொன்னது. அதில் அதிகம் லாபமடைந்தது ஏற்கெனவே வசதியாயிருந்த கிகுயு மண்டலம். இனம் பார்க்காத கொள்கைதான். பலனோ இனவாரியாகப் பிரிந்தது.

கொலைக்குப் பிறகு

நைரோபி தேவாலயத்தில் நடந்த இறுதித் திருப்பலிக்கு வந்த கென்யாட்டாவின் கார் மீது கல் வீசப்பட்டது. போலீஸ் கண்ணீர்ப்புகை குண்டு வீசியது. அதே ஆண்டு, ஆட்சி கிகுயுக்களை விட்டுப் போகக் கூடாது என்று கூட்டம் கூட்டமாகச் சத்தியம் வாங்கும் சடங்கு கென்யாட்டாவின் சொந்த ஊர்ப் பக்கம் ரகசியமாக நடந்தது. அக்டோபரில் லுவோ பகுதியான கிசுமுவில், அவருக்கு எதிராகக் கோஷம் போட்ட கூட்டத்தின் மீது துப்பாக்கிச் சூடு. அரசுக் கணக்கில் இறந்தவர்கள் 11 பேர். சாவு அதைவிட அதிகம் என்கிறார்கள் பலர். ஒடிங்கா கைதானார், கட்சிக்குத் தடை. நவம்பரில் தூக்கிலிடப்பட்டவருக்குப் பின்னால் யார் இருந்தார்கள் என்பது இன்றுவரை வெளிவரவில்லை.

2007 தேர்தல் முடிவை ஒட்டி மறுபடி கலவரம். ஆயிரத்துக்கும் மேல் சாவு. அதன் பிறகு வந்த 2010 அரசியல் சட்டத்தில் ஒரு நிபந்தனை சேர்ந்தது. அதிபராக வெல்பவர் மொத்த வாக்கில் பாதிக்கு மேல் வாங்கினால் மட்டும் போதாது. 47 கவுண்ட்டிகளில் குறைந்தது 24-ல், கால் பங்கு வாக்காவது வாங்கியிருக்க வேண்டும்.