அச்சில் தமிழ் ஏற்றிய அண்டிரிக் அடிகளார்

நம் வைகை அணையின் நீர் மதுரையைக் கடந்து இராமநாதபுரம் நோக்கிச் செல்வதை நாம் அறிவோம். அச்சீமையின் கடலோரத்தில் உள்ள வேதாளையில் 1549-ஆம் ஆண்டு அந்தோனி கிரிமினாலி என்னும் குரு கொல்லப்பட்டார். அவருக்குப் பின் முத்துக்குளித்துறை மக்களின் பொறுப்பை ஏற்றவரே அண்டிரிக் அடிகளார் எனப்படும் ஹென்றி ஹென்றிக்கஸ்.

அவர் 1520-இல் போர்த்துக்கல் நாட்டின் விலா விசோசா என்னும் ஊரில் பிறந்தார். யூத மரபில் வந்தவர் என்பதால் ஒரு துறவற சபை அவரை வெளியேற்றிவிட்டது. இயேசு சபை ஏற்றுக்கொண்டது. 1546-இல் இந்தியா வந்தார்.

அவருக்கு முன்பே அக்கரையில் உழைத்த புனித சவேரியார் மணியடித்து மக்களைக் கூட்டி, தமிழில் பெயர்த்த செபங்களைக் கற்பித்தார். ஊர்தோறும் ஒரு பிரதியும் விட்டுச் சென்றார். ஆனால் மக்கள் தம் மனக்குறையைச் சொன்னால் அதை விளக்கத் துபாசி வேண்டும். துபாசி சொன்னதே சொல்! பாவசங்கீர்த்தனத்திலும் மூன்றாம் ஆள் நின்றால் யார்தாம் மனம் திறப்பர்? நம்மால் முடியுமா? அடிகளார் சில மாதங்களிலேயே தமிழ் கற்றுத் துபாசியை விலக்கினார். பிற குருக்களும் கற்கத் தமிழ் இலக்கணம் ஒன்றை எழுதினார்.

ஆயினும் அவர் ஒருவர், ஊர்களோ பல. கையால் எழுதும் பிரதிகளில் எழுத எழுதப் பிழை மலியும். எனவே அச்சை நாடினார். 1554-இல் லிஸ்பன் நகரில் ஒரு தமிழ்ச் செபநூல் அச்சாகியிருந்தது; ஆனால் அது ரோமன் எழுத்தில் இருந்தது. தமிழ் எழுத்தே அறிந்த மக்களுக்கு அதனால் என்ன பயன்? கடற்கரை மக்கள் தாமே அச்சுச் செலவுக்குப் பணம் திரட்டித் தந்தனர். கோவாவிலும் கொல்லத்திலும் தமிழ் எழுத்துகள் வார்க்கப்பட்டன. 20-10-1578 அன்று கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ வெளிவந்தது. பதினாறே பக்கங்கள்! இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் இந்தியாவில் அச்சான முதல் நூல்களுள் நமக்குக் கிடைத்திருப்பவற்றில் மிகப் பழையது இதுவே. ஓலைச்சுவடியைப் போல அதில் மெய்யெழுத்துகளுக்குப் புள்ளி கிடையாது.

இனி ஊருக்கு ஊர் வாசகம் மாறாது. எழுத்தறிந்தவர் ஒருவர் வாசித்தால் சுற்றியிருப்போர் எல்லாரும் கேட்கலாம். 1580-இல் பாவசங்கீர்த்தனத்திற்கு உதவும் நூலும், 1586-இல் புனிதர் வரலாறு கூறும் பெருநூலும் வெளிவந்தன.

நோயோடு போராடியபடியே ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் அக்கரையிலே உழைத்த அடிகளார், 1600-இல் புன்னைக்காயலில் இறந்தார். தூத்துக்குடியில் அடக்கம் செய்யப்பட்டார். அம்மக்களின் பணத்தில் அச்சான அந்தப் பதினாறு பக்கங்களின் பிரதி ஒன்று, இன்று அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருக்கிறது.