யார் இந்த ‘பிராண்ட் பாட்டி’? கொல்லிமலையில் ஒரு உதவி எப்போது உரிமையானது?

கொல்லிமலைன்னு சொன்னதும் உங்களுக்கு எது ஞாபகம் வரும்? பைக் வைத்திருப்பவர்களுக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். வீக்கெண்ட் டிரிப் அடிப்பவர்களுக்கு ஆகாய கங்கை அருவி. ஸ்கூலில் தமிழ்ப் பாடத்தை ஒழுங்காகப் படித்தவர்களுக்கு வல்வில் ஓரி. கடையெழு வள்ளல்களில் ஒருவரான ஓரிக்கு ஒவ்வொரு ஆடி மாதமும் அரசே விழா எடுக்கிறது. செம்மேட்டில் சிலையும் இருக்கிறது.

ஓரியின் கொடை நமக்குப் பழக்கமான கொடை. மேலே இருப்பவர் கொடுப்பார், கீழே இருப்பவர் வாங்கிக்கொண்டு வாழ்த்துவார். அதே மலையில் 20-ம் நூற்றாண்டில் வேறு மாதிரி ஒரு கொடையும் நடந்தது. கொடுத்தவர் ராஜா இல்லை. லண்டனில் வசதியான வியாபாரக் குடும்பத்தில் பிறந்து, 95 வயதில் இந்த மலையிலேயே அடக்கம் செய்யப்பட்ட ஒரு பெண். பெயர் ஈவ்லின் பிராண்ட். வெளியுலகம் அவரை ‘கிரானி பிராண்ட்’ என்று அறியும். நம்ம ஊர்ப் பேச்சில் சொன்னால் பிராண்ட் பாட்டி.

இப்போது ஏன் அவர் கதை? கம்பெனிகள் சட்டம் 2013 வந்த பிறகு, குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ சொத்தோ வியாபாரமோ உள்ள நிறுவனங்கள், முந்தைய 3 ஆண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தை சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். உங்கள் ஆபீஸிலும் சிஎஸ்ஆர் டே நடக்கும், டி-ஷர்ட் கொடுத்து ஏதோ ஒரு கிராமத்துக்குக் கூட்டிப் போயிருப்பார்கள். அந்தப் பணத்தில் கட்டிடம் வரும், தண்ணீர்த் தொட்டி வரும். ஆனால் அந்த ஊர்க்காரர்கள் தங்களுக்கு என்ன வேண்டும் என்று அதிகாரியிடம் போய்க் கேட்கிற தைரியம் வருமா? ஈவ்லினின் வாழ்க்கையில் இந்தக் கேள்விக்கு ஆமாம், இல்லை என்று ரெண்டு பதிலும் இருக்கிறது.

லண்டனிலிருந்து சேந்தமங்கலம்

ஈவ்லின் பிறந்தது 1879. ஓவியம் கற்றவர். பிரிட்டிஷ் ஓவியர் டர்னரின் பாணி மேல் அவருக்குத் தீராத பிரியம். வசதியான வீட்டுப் பெண்கள் அந்தக் காலத்தில் ஏழைகளுக்கு நிதி திரட்டுவதோடு நிறுத்திக்கொள்வார்கள். இவர் முப்பது வயதைத் தாண்டிய பிறகு மிஷனரியாக இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார்.

அவருக்கு முன்பே, 1907-ல், ஜெஸ்ஸி பிராண்ட் என்ற இளைஞர் சேந்தமங்கலம் பகுதிக்கு வந்திருந்தார். கட்டிட வேலை தெரிந்தவர், கொஞ்சம் வைத்தியமும் கற்றவர். இருவருக்கும் 1913-ல் திருமணம். கொட்டும் மழையில் நனைந்துகொண்டே புது மணப்பெண் கொல்லிமலை ஏறினார். இன்றைய 70 வளைவுச் சாலையெல்லாம் அப்போது கிடையாது, மலைப்பாதைதான். அவர்கள் குடியேறிய வீடே சமவெளியில் துண்டு துண்டாகச் செய்யப்பட்டு, ஆட்களின் தலைச்சுமையாக மேலே போனது.

மலையில் இருந்தவர்கள் மலையாளிப் பழங்குடி மக்கள். (பெயரைப் பார்த்து கேரளாவோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். மலையை ஆள்பவர்கள் என்று பொருள் சொல்வார்கள். பேசுவது தமிழ்.) வாழவந்தி நாடு, எடப்புளி நாடு, அரியூர் நாடு, தின்னனூர் நாடு என்று மலை முழுக்க ‘நாடு’களாகப் பிரிந்திருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஊர்க்கவுண்டர், பட்டக்காரர் என்று சொந்தத் தலைமை உண்டு. அதாவது பிராண்ட் தம்பதி போனது நிர்வாகமே இல்லாத வெற்றிடத்துக்கு இல்லை. பல மிஷன் கதைகள் இந்த இடத்தைத் தாவிவிடுகின்றன.

தம்பதி வாழவந்தியில் தங்கி, மற்ற நாடுகளுக்கு நடந்தும் குதிரையிலும் போனார்கள். ஜுரத்துக்கு மருந்து, புண்ணுக்குக் கட்டு. மருந்தை வாங்கிக்கொண்ட மக்கள் மதத்தை வாங்கிக்கொள்ளவில்லை. ஊர்ப் பூசாரி எதிர்த்தார், பல ஆண்டுகள் ஒருவர்கூட மதம் மாறவில்லை. முதல் உலகப் போரின் முடிவில் இன்ஃப்ளூயன்ஸா பரவியபோது அந்தப் பூசாரியும் மனைவியும் படுத்துவிட்டார்கள். பக்கத்தில் போக எல்லோருக்கும் பயம். கஞ்சி கொண்டுபோனவர் ஜெஸ்ஸி. சாகும் தறுவாயில் பூசாரி தன் குழந்தைகளை பிராண்ட் தம்பதியிடமே ஒப்படைத்தார். அதன் பிறகுதான் மலையில் அவர்கள் மேல் நம்பிக்கை பிறந்தது.

புழு சொல்லித்தந்த பாடம்

கொல்லிமலையில் அன்று நரம்புச் சிலந்தி நோய் இருந்தது. கினியா புழு என்று சொன்னால் சிலருக்குப் புரியும். காலில் கொப்புளம் வெடித்து, நீளமான நூல் மாதிரி புழு வெளியே வரும். சட்டென இழுத்தால் அறுந்துவிடும். குச்சியில் சுற்றிச் சுற்றி, நாள்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கவேண்டும். ஜெஸ்ஸி அதைப் பொறுமையாகச் செய்தார்.

ஆனால் புழுவை எடுப்பதோடு வேலை முடியவில்லை. நோயாளி கிணற்றுப் படியில் இறங்கி தண்ணீரில் கால் வைத்தால் புழுவின் குஞ்சுகள் தண்ணீரில் கலக்கும். அதைக் குடிக்கிற அடுத்தவருக்கும் நோய். ஒருத்தர் மட்டும் ஒழுங்காக இருந்து பிரயோஜனம் இல்லை. யாரும் தண்ணீரில் இறங்கக்கூடாது, கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் வேண்டும், வாளியில்தான் இறைக்கவேண்டும் என்று ஊரே கூடி முடிவெடுத்தால்தான் நோய் போகும். மருந்துப் பெட்டி வைத்திருப்பவர் தனியாக முடிக்கிற காரியம் இல்லை இது. கொல்லிமலையில் இந்த நோய் ஒழிந்ததில் ஈவ்லினுக்குப் பெரிய பங்கு உண்டு என்று பின்னாளில் பேசப்பட்டது. இந்தியா முழுமைக்கும் கடைசி நோயாளி பதிவானது 1996-ல்தான்.

தம்பதி பள்ளிக்கூடங்கள் தொடங்கினார்கள். தச்சு வேலை, ஓடு செய்வது கற்றுக்கொடுத்தார்கள். ஆரஞ்சு, கரும்பு, பட்டுப்புழுவுக்கு மல்பெரி என்று பயிர்களும் வந்தன. இதெல்லாம் நல்ல வேலைதான், எந்த சிஎஸ்ஆர் ரிப்போர்ட்டிலும் அழகாக வரும். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. குத்தகை விவசாயிகள் ஏமாற்றப்பட்டபோது ஜெஸ்ஸி அவர்களைத் திரட்டி, மலையிறங்கி, அதிகாரிகள் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

அது 1920-கள். சென்னை மாகாண சட்டசபைக்குத் தேர்தல் வந்துவிட்டது. ஆனால் சொத்தும் வரியும் பார்த்துத்தான் ஓட்டு. காட்டைத் திருத்திப் பிழைப்பவருக்கும் குத்தகைக்காரருக்கும் ஓட்டு எட்டாத தூரம். அந்த நிலையில் அரசு அலுவலகத்துக்குக் கூட்டமாகப் போய் நிற்பதுதான் அவர்களுக்கு இருந்த ஒரே அரசியல்.

இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. முன்னால் நின்றவர் வெள்ளைக்காரர். கேட்ட அதிகாரியும் வெள்ளைக்காரரின் அரசு. அந்தக் குரலுக்குக் கிடைத்த மரியாதை, அவர் இல்லாமல் விவசாயிகள் மட்டும் போயிருந்தால் கிடைத்திருக்குமா? உதவி செய்பவர் இல்லாதபோதும் அந்தக் கதவு திறக்கவேண்டும். அந்தக் காலம் வரவில்லை, அதற்குள் ஜெஸ்ஸி போய்விட்டார்.

1929 ஜூனில் மலேரியாவின் கொடிய வடிவமான கருநீர்க் காய்ச்சலில் இறந்தபோது அவருக்கு 44 வயது. மகன் பாலும் மகள் கோனியும் 1923-லிருந்தே படிப்புக்காக இங்கிலாந்தில் இருந்தார்கள். இறப்புச் செய்தி வந்த பிறகும், அப்பா முன்பே தபாலில் போட்ட கடிதம் பாலுக்கு வந்து சேர்ந்தது. அந்தப் பையன்தான் பின்னாளில் வேலூர் சிஎம்சியில் தொழுநோயாளிகளின் முடங்கிய கைகளை அறுவை சிகிச்சையால் நிமிர்த்திய டாக்டர் பால் பிராண்ட்.

ரிட்டயர் ஆக மறுத்தவர்

ஈவ்லின் இங்கிலாந்து போய்த் திரும்பி வந்தார். மிஷன் அவரைக் கொல்லிமலைக்கு அனுப்பவில்லை, சமவெளியில் போட்டது. எழுபதை நெருங்கும்போது, ஓய்வு பெறச் சொன்னது. கடைசியாக ஒரு வருஷம் மட்டும் மலையில் இருந்துகொள்கிறேன் என்று அனுமதி கேட்டு வாங்கினார். வருஷம் முடிந்ததும் சொன்னபடி மிஷனிலிருந்து ஓய்வு பெற்றார். மலையிலிருந்து மட்டும் இறங்கவில்லை!

இந்த இடத்தில்தான் கதை மாறுகிறது. ஜெஸ்ஸி காலத்தில் பின்னால் ஒரு நிறுவனம் இருந்தது, வெள்ளைக்கார அரசும் இருந்தது. இப்போது ரெண்டும் இல்லை. நாடு சுதந்திரம் அடைந்துவிட்டது. ஒரு வயதான பெண், ஒரு சின்ன வீடு, ஒரு மட்டக்குதிரை. ஜெஸ்ஸியும் அவரும் திட்டமிட்டிருந்த மற்ற மலைகளுக்கும் போனார், பச்சைமலை, கல்வராயன் மலை என்று. 75 வயதில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. கிடைத்ததை வைத்து ஸ்ட்ரெச்சர் கட்டி, மலைக்காரர்கள்தான் கீழே தூக்கி வந்தார்கள். போதும் என்று மகன் கெஞ்சினார். கேட்கவில்லை. அதன்பின் ரெண்டு மூங்கில் தடிகளை ஊன்றியே நடந்தார். கஞ்சா பயிரிட்டவர்களோடும் மோதினார். கடைசி 20 வருஷம் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடி வைத்துக்கொள்ளவில்லை என்று மகன் எழுதியிருக்கிறார்.

கடைசி ஆண்டுகளில் ஊர் ஊராக அவரைத் தூக்கிக்கொண்டு போனதும் மக்கள்தான். கொடுத்தவர் யார், வாங்கியவர் யார் என்று அந்தக் கட்டத்தில் பிரித்துச் சொல்வது கஷ்டம்.

1951-52-ல் முதல் பொதுத்தேர்தல். சொத்து, படிப்பு எதுவும் பார்க்காமல் 21 வயதான எல்லோருக்கும் ஓட்டு. இதை மலைக்குக் கொண்டுவந்தது எந்தக் கொடையாளியும் இல்லை, அரசமைப்புச் சட்டம்.

இன்று என்ன நிலை?

கொல்லிமலை ஒன்றியத்தில் 14 ஊராட்சிகள். பெரும்பாலும் பழைய ‘நாடு’ பெயர்களிலேயே இயங்குகின்றன, எடப்புளி நாடு உட்பட. சேந்தமங்கலம் சட்டமன்றத் தொகுதி பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டது. ஆனால் தமிழ்நாட்டில் ஐந்தாவது அட்டவணைப் பகுதி எதுவும் அறிவிக்கப்படவில்லை. அதனால் பழங்குடிக் கிராம சபைகளுக்கு நிலம், வனப்பொருள் மேல் கூடுதல் அதிகாரம் தரும் 1996-ம் ஆண்டு ‘பெசா’ சட்டம் இங்கே பொருந்தாது. 2006 வன உரிமைச் சட்டம் பொருந்தும். எடப்புளி நாட்டு விவசாயி ஒருவர் தான் உழும் வன நிலத்துக்கு உரிமை கேட்டால், மனு முதலில் போகவேண்டியது கிராம சபைக்கு. அங்கே பேச, மனு எழுத, ஆவணம் திரட்ட யாராவது கூட இருந்தால் நன்றாக இருக்கும். தொண்டு நிறுவனங்கள் பல ஊர்களில் செய்கிற, போட்டோவில் அவ்வளவாக வராத வேலை இதுதான்.

ஈவ்லின் பிராண்ட் 1974 டிசம்பர் 18 அன்று இறந்தார். வாழவந்தியில், 45 வருஷத்துக்கு முன் புதைக்கப்பட்ட கணவரின் கல்லறைக்குப் பக்கத்தில் அவருக்கு இடம் கொடுத்தார்கள்.